உலகம் முடிந்த பிறகு ஒரு பாட்டு: ‘தி எண்ட்’ படம் ரசிகர்களை ஏன் இரண்டாகப் பிரித்தது?

உலகம் அழிந்துவிட்டது. தரைக்கு வெகு ஆழத்தில், ஓர் உப்புச் சுரங்கத்துக்குள், ஒரு பணக்காரக் குடும்பம் நல்ல உடை உடுத்திக்கொண்டு பாட்டுப் பாடுகிறது. 2024ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி எண்ட்’ என்ற ஆங்கிலப் படத்தின் சுருக்கம் இதுதான். ஓடும் நேரம் 2 மணி 28 நிமிடம்.

அமெரிக்காவின் டெல்லுரைட், கனடாவின் டொரொண்டோ ஆகிய திரைப்பட விழாக்களில் தொடங்கி, அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது வரை, இந்தப் படத்தைப் பற்றி மக்கள் ஒத்துப் பேசியதே இல்லை. அண்மைக் காலத்தில் வந்த மிகத் துணிச்சலான படங்களில் ஒன்று என்று சிலர் கொண்டாடினார்கள். நீளம், சலிப்பு, பாட்டுகள் மனத்தில் நிற்கவில்லை என்று சிலர் கைவிட்டார்கள். வசூலிலும் படம் எடுபடவில்லை.

ஒரு படம் சிலருக்குப் பிடிப்பதும் சிலருக்குப் பிடிக்காமல் போவதும் புதிதன்று. ஆனால் இந்தப் படத்தில் ஒரு பக்கத்தார் புகழ்ந்த அதே அம்சத்தைத்தான் மறுபக்கத்தார் குறையாகச் சொன்னார்கள். பாட்டு, குரல், மெதுவான ஓட்டம், குற்றவாளிகளிடம் காட்டும் பரிவு என எதை எடுத்தாலும் இதே கதைதான். இது ஏன் என்று பார்த்தால், அந்தக் காரணத்தின் வேர் நமக்கு மிக அருகில், மலாக்கா நீரிணைக்கு அக்கரையில் உள்ள செம்பனைத் தோட்டங்களில் இருக்கிறது.

கதை என்ன?

பூமியின் மேற்பரப்பு மனிதர் வாழத் தகுதியற்றதாகி ஏறக்குறைய 25 ஆண்டுகள் ஆகிவிட்டன. சுரங்கத்துக்குள் கட்டப்பட்ட ஆடம்பர வீட்டில் ஆறு பேர் வாழ்கிறார்கள். அப்பா (மைக்கேல் ஷேனன்) ஒரு காலத்தில் எரிசக்தித் தொழிலில் பெரும்புள்ளியாக இருந்தவர். அம்மா (டில்டா ஸ்விண்டன்) உலகப் புகழ்பெற்ற ஓவியங்களைச் சுவரில் மாற்றி மாற்றி மாட்டிக்கொண்டே இருப்பவர். மகன் (ஜார்ஜ் மெக்கே) சுரங்கத்துக்குள் பிறந்து வளர்ந்தவன். வெளியுலகத்தைப் பார்த்ததே இல்லை. அவர்களுடன் அம்மாவின் தோழி ஒருவர், ஒரு மருத்துவர், ஒரு பணியாளர். படத்தில் யாருக்கும் பெயர் கிடையாது.

அப்பா தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறார். மகன் அதற்கு உதவுகிறான். உலகம் வெப்பமானதற்கும் தன் தொழிலுக்கும் தொடர்பில்லை, தான் நல்லதையே செய்தோம் என்று அந்தப் புத்தகம் சொல்ல வேண்டும் என்பது அப்பாவின் விருப்பம். படிக்க வெளியே ஆள் இருக்கிறார்களா என்பதே கேள்விக்குறி. ஆனாலும் எழுதுகிறார்.

ஒரு நாள் வெளியிலிருந்து ஓர் இளம்பெண் (மோசஸ் இங்ரம்) சுரங்கத்துக்குள் வந்து சேர்கிறாள். தன் குடும்பத்தை விட்டுவிட்டுத் தான் மட்டும் தப்பி வந்த குற்றவுணர்ச்சி அவளுக்கு இருக்கிறது. அதை அவள் மறைக்கவில்லை. சுரங்கத்தில் இருப்பவர்களும் தங்கள் சொந்தங்களை மேலே விட்டுவிட்டுத்தான் வந்தவர்கள். இத்தனை ஆண்டுகளாக அதைப் பற்றி அவர்கள் பேசியதில்லை. அவள் அழும்போது அந்த வீட்டின் ஒழுங்கு ஆட்டம் காணத் தொடங்குகிறது.

முதல் ஏமாற்றம்: அழிவு எங்கே?

உலகம் அழிந்த பின் நடக்கும் கதை என்றதும் ரசிகர்கள் மனத்தில் சில காட்சிகள் வந்துவிடும். இடிந்த நகரங்கள், தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் அடித்துக்கொள்ளும் கூட்டங்கள், துரத்தல், துப்பாக்கி. ‘மேட் மேக்ஸ்’ வரிசைப் படங்கள் பழக்கிவிட்ட உலகம் அது.

‘தி எண்ட்’ படத்தில் இவை எதுவும் இல்லை. வெளியே தீ எரிகிறது என்று சொல்கிறார்கள். கேமரா வீட்டுக்குள்ளும் சுரங்கப் பாதைகளிலுமே சுற்றுகிறது. இத்தாலியின் சிசிலித் தீவில் உள்ள உண்மையான உப்புச் சுரங்கத்தில் எடுத்த காட்சிகள் பார்க்க அழகாக இருக்கின்றன. ஆனால் பரபரப்பை எதிர்பார்த்து வந்தவருக்கு, ஒரு குடும்பம் மேசையில் உட்கார்ந்து நாகரிகமாகப் பேசிக்கொள்வதை இரண்டரை மணி நேரம் பார்ப்பது சோதனைதான்.

படத்தை ஏற்றுக்கொண்டவர்கள் இதையே வேறு விதமாகப் பார்த்தார்கள். அழிவு வெளியே நடந்து முடிந்த கதை. உள்ளே இருப்பவர்கள் அதோடு எப்படி வாழ்கிறார்கள் என்பதுதான் படம் என்றார்கள்.

இரண்டாவது ஏமாற்றம்: இது என்ன பாட்டு?

பெரிய பிளவு பாட்டில்தான். இசைப் படங்களுக்கு 2024 ஒரு சோதனை ஆண்டாகவே இருந்தது. ‘விக்கட்’ பெரும் வெற்றி பெற்றது. அக்டோபரில் வந்த ‘ஜோக்கர்: ஃபோலி ஆ டூ’ படத்துக்கோ, முதல் நாள் பார்த்த அமெரிக்க ரசிகர்களிடம் எடுத்த சினிமாஸ்கோர் கணிப்பில் ‘டி’ தரம்தான் கிடைத்தது. முதல் ‘ஜோக்கர்’ போல இன்னொன்றை எதிர்பார்த்துப் போனவர்கள், அவன் பாடத் தொடங்கியதும் முகம் சுளித்தார்கள். எந்த வகைப் படம் என்று நினைத்து உள்ளே போகிறோம் என்பது, படத்தைப் போலவே முக்கியம் என்பதற்கு அது ஓர் எடுத்துக்காட்டு.

பாட்டு என்றால் தமிழ் ரசிகர்களான நமக்குப் பயமில்லை. நம் சினிமா பேசத் தொடங்கிய நாளிலேயே பாடவும் தொடங்கிவிட்டது. நமக்குப் பாட்டு இல்லாமல் போனால்தான் குறை. 1954ஆம் ஆண்டு சிவாஜி கணேசன் நடிப்பில், எஸ். பாலசந்தர் இயக்கத்தில், ஏவிஎம் தயாரித்த ‘அந்த நாள்’ படத்தில் ஒரு பாட்டுகூட இல்லை. இன்று அதைத் தமிழ் சினிமாவின் முக்கியமான படங்களில் ஒன்றாகப் பேசுகிறோம். வெளிவந்த காலத்தில் அது பெரிய வசூல் படமாக அமையவில்லை.

ஆகவே, பாட்டுக்கு என்ன வேலை என்பதில் நமக்கும் ஹாலிவுட் இசைப்பட ரசிகர்களுக்கும் பெரிய வேறுபாடில்லை. பேச்சில் சொல்ல முடியாததைப் பாட்டில் சொல்வார்கள். காதலை வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் நாயகி, தனியே இருக்கும்போது பாட்டில் சொல்லிவிடுவாள். தெம்மாங்கோ, தத்துவப் பாட்டோ, பாட்டு வந்தால் அந்தப் பாத்திரத்தின் உள்மனம் திறக்கிறது என்று பொருள். பேச்சில் பொய் இருக்கலாம். பாட்டில் இருக்காது. இது எழுதப்படாத ஒப்பந்தம்.

‘தி எண்ட்’ இந்த ஒப்பந்தத்தைத் தலைகீழாக மாற்றுகிறது. இந்தப் படத்தில் பாத்திரங்கள் உண்மைக்கு அருகில் வந்ததும் பாடத் தொடங்குகிறார்கள். மனச்சாட்சி உறுத்தும்போது, ‘நாம் நல்லவர்கள், நாளை இன்னும் நன்றாக இருக்கும், நாம் ஒரே குடும்பம்’ என்று தங்களைத் தாங்களே நம்ப வைக்கத்தான் பாட்டு. பழைய ஹாலிவுட் படங்களை நினைவூட்டும் இனிமையான இசை, நம்பிக்கை நிறைந்த சொற்கள். பாட்டு நின்று அமைதி வரும்போதுதான் முகத்தில் உண்மை தெரிகிறது. படத்தின் இயக்குநரும் தன் பேட்டிகளில் இதையே விளக்கியிருக்கிறார்.

இப்போது பிளவு புரியும். பாட்டில் உள்மனம் திறக்கும் என்று காத்திருந்தவர், திறக்காத கதவின் முன்னால் நின்றுவிட்டுத் திரும்பினார். ‘பாட்டு ஒட்டவில்லை’ என்றார். பாட்டே ஒரு மூடி என்று புரிந்துகொண்டவர், ஒவ்வொரு பாட்டிலும் ஓர் ஆள் தன்னை ஏமாற்றிக்கொள்வதைப் பார்த்தார்.

குரல்களைப் பற்றியும் இப்படித்தான் வாதம் நடந்தது. நடிகர்கள் தாங்களே பாடியிருக்கிறார்கள். தேர்ந்த பாடகர்களின் மெருகு அதில் இல்லை. சில இடங்களில் குரல் மெலிகிறது, உடைகிறது. பின்னணிப் பாடகர்களின் தெளிவான குரலுக்குப் பழகிய நம் காதுக்கு அது இன்னும் நெருடும். அந்த நடுக்கத்தில்தான் பொய் தடுமாறுகிறது என்பது பாராட்டியவர்களின் கட்சி.

மூன்றாவது ஏமாற்றம்: தண்டனை இல்லையா?

நம் படங்களில் கெட்டவன் கடைசியில் விழுவான். ஊரே பார்க்க உண்மை வெளிப்படும். பூமி அழிந்ததில் தனக்கிருந்த பங்கை மறுக்கும் ஒரு மனிதரை இரண்டரை மணி நேரம் பார்த்த பிறகு, அப்படி ஒரு நிறைவை ரசிகர் எதிர்பார்ப்பது நியாயம்தான்.

இந்தப் படம் அந்த நிறைவைத் தர மறுக்கிறது. அப்பாவும் அம்மாவும் அரக்கர்கள் இல்லை. மகனிடம் பாசம் காட்டுகிறார்கள். பயப்படுகிறார்கள். சிரிக்கிறார்கள். சில இடங்களில் அவர்கள்மீது நமக்கே இரக்கம் வருகிறது. ‘இவர்களுக்கு ஏன் பரிவு?’ என்று கோபப்பட்டவர்கள் உண்டு. ‘பரிவு இருப்பதால்தான் பயமாக இருக்கிறது, நாமும் இப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொள்வோம்’ என்றவர்களும் உண்டு.

யார் இந்த இயக்குநர்?

படத்தை இயக்கியவர் ஜோஷுவா ஓப்பன்ஹைமர். அணுகுண்டு விஞ்ஞானி ஓப்பன்ஹைமரோடும், அவரைப் பற்றி 2023இல் வந்த படத்தோடும் இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர் அமெரிக்காவில் பிறந்த ஆவணப்பட இயக்குநர். ‘தி எண்ட்’ இவருடைய முதல் முழுநீளக் கற்பனைக் கதைப் படம்.

இவருடைய திரைப்பயணத்தில் திருப்பம் ஏற்பட்ட இடம் இந்தோனேசியாவின் வட சுமத்ரா. பினாங்கிலிருந்து கடலைக் கடந்தால் வரும் மேடான் நகரமும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களும்தான் அவர் கற்ற பள்ளி. மேடான் நமக்கு அந்நிய ஊர் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் அங்குள்ள புகையிலைத் தோட்டங்களுக்குத் தமிழர்களும் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். அங்குள்ள மாரியம்மன் கோயில் அதற்குச் சாட்சி.

2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஓப்பன்ஹைமர் அங்கு போனது, செம்பனைத் தோட்டத் தொழிலாளர்கள் தங்களைப் பற்றித் தாங்களே ஓர் ஆவணப்படம் எடுக்க உதவுவதற்காக. ‘தி குளோபலைசேஷன் டேப்ஸ்’ என்ற அந்தப் படம் 2003இல் வந்தது. அங்கே பெண்கள் பாதுகாப்பு உடை இல்லாமல் களைக்கொல்லி மருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் நோயுற்றார்கள் என்று அவர் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பாதுகாப்பு உடை கேட்டபோது அடியாட்களைக் கொண்டு மிரட்டினார்கள். உடனே தொழிலாளர்கள் கோரிக்கையைக் கைவிட்டார்கள்.

ஏன் இவ்வளவு சீக்கிரம் கைவிட்டார்கள் என்று கேட்டபோதுதான் அவருக்கு 1965ஆம் ஆண்டின் கதை தெரிய வந்தது. அந்த ஆண்டு இறுதியிலும் 1966இலும் இந்தோனேசியாவில் கம்யூனிஸ்டுகள் என்று குற்றஞ்சாட்டி 5 லட்சம் முதல் 10 லட்சம் பேர் வரை கொல்லப்பட்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. தோட்டத் தொழிற்சங்கத்தில் இருந்தவர்களும் அதில் பலியானார்கள். இப்போது மருந்து அடிக்கும் பெண்களின் பெற்றோரும் தாத்தா பாட்டிகளும் அவர்களில் இருந்தார்கள். கொன்றவர்கள் அதே ஊர்களில், அதிகாரத்தோடும் மரியாதையோடும் வாழ்ந்துகொண்டிருந்தார்கள்.

மருந்து அடிக்கும் வேலை என்னவென்று மலேசியத் தோட்ட மக்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு நம் நாட்டில் 2002இல் தடை அறிவிக்கப்பட்டு, 2006இல் அது தளர்த்தப்பட்டு, 2020ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் தேதிதான் முழுத் தடை வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் முதுகில் தொட்டியைச் சுமந்து மருந்து அடித்தவர்களில் நம் அம்மாக்களும் அக்காக்களும் இருந்தார்கள்.

பாட்டுப் பாடிய கொலைகாரர்கள்

பலியானவர்களின் குடும்பங்களைப் படம் எடுக்க முயன்றபோது மிரட்டல் வந்தது. கொன்றவர்களிடம் பேசினால் அவர்கள் தயங்காமல், பெருமையோடு பேசினார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 2012இல் வந்த ‘தி ஆக்ட் ஆஃப் கில்லிங்’.

அதில் வரும் அன்வார் கொங்கோ, மேடானில் சினிமா டிக்கெட்டுகளைக் கள்ளச் சந்தையில் விற்ற ரௌடி. அமெரிக்கப் படங்களின் பெரிய ரசிகர். இசைப் படம் பார்த்துவிட்டு ஆடிக்கொண்டே வெளியே வந்து, எதிர்ப்புறம் இருந்த கட்டடத்துக்குப் போய் ஆட்களைக் கொன்றதை அவரே அந்தப் படத்தில் விவரிக்கிறார். தான் கொலை செய்த மொட்டை மாடியில் நின்று ‘ச்சா ச்சா’ நடனம் ஆடிக் காட்டுகிறார். செய்த கொலைகளைத் தங்களுக்குப் பிடித்த சினிமா பாணியில் நடித்துக் காட்டும்படி ஓப்பன்ஹைமர் அவர்களைக் கேட்டார். ரௌடிப் படம், கௌபாய்ப் படம் என்று நடித்தவர்கள் ஆடல் பாடல் காட்சியும் எடுத்தார்கள்.

அதன் தொடர்ச்சியாக 2014இல் வந்த ‘தி லுக் ஆஃப் சைலன்ஸ்’ படத்தில், அண்ணனை இழந்த கண்ணாடிக்காரர் ஒருவர், கொலையில் தொடர்புள்ள முதியவர்களுக்குக் கண் பரிசோதனை செய்துகொண்டே கேள்வி கேட்கிறார். இரண்டு படங்களும் ஆஸ்கார் விருதுக்கு முன்மொழியப்பட்டவை.

அதற்குப் பிறகு பாதுகாப்புக் காரணங்களால் ஓப்பன்ஹைமர் இந்தோனேசியாவுக்குத் திரும்ப முடியவில்லை. மூன்றாவதாக, இத்தகைய வன்முறையால் செல்வம் சேர்த்தவர்களைப் பற்றிப் படம் எடுக்க நினைத்தவர், வேறொரு நாட்டின் எண்ணெய்த் தொழிலதிபரைச் சந்தித்தார். அந்தக் குடும்பம் பேரழிவு வந்தால் ஒளிந்துகொள்ள ஒரு நிலத்தடி வீடு வாங்கவிருந்தது. அதைப் போய்ப் பார்த்தவருக்கு ஒரு கேள்வி எழுந்தது: இதற்குள் 25 ஆண்டுகள் இருந்தால், மேலே விட்டு வந்தவர்களையும், தாங்கள் செய்ததையும் நினைத்து இவர்கள் எப்படித் தூங்குவார்கள்? திரும்பும் வழியில் அவர் பார்த்தது ‘தி அம்ப்ரெல்லாஸ் ஆஃப் ஷெர்பூர்’ என்ற 1964ஆம் ஆண்டு பிரெஞ்சு இசைப் படம். அதன் வசனம் முழுவதும் பாட்டாகவே இருக்கும். இந்தக் கதையையும் இசைப் படமாக எடுக்கலாம் என்ற எண்ணம் அப்போது வந்தது.

அன்வார் கொங்கோவின் நடனத்தையும் சுரங்கக் குடும்பத்தின் பாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் படம் தெளிவாகும். கொடுமை செய்தவர்கள் அதை மறப்பதில்லை. அதன்மேல் ஓர் இனிமையான கதையைப் போர்த்திக்கொள்கிறார்கள், அந்தக் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லி உண்மையாக்கிக்கொள்கிறார்கள். மேடான் மொட்டை மாடியில் இயக்குநர் கண்ணால் கண்டது இது. ‘தி எண்ட்’ படத்தில் அதற்கு மெட்டுப் போட்டிருக்கிறார்.

அப்படியானால் யார் சொன்னது சரி?

இந்தப் பின்னணி தெரிந்தால் படம் பிடித்துவிடும் என்று சொல்ல முடியாது. ஒரு படம் திரையில்தான் நிற்க வேண்டும். இயக்குநரின் வரலாற்றைப் படித்துவிட்டு வந்தால்தான் புரியும் என்றால் அது ஒரு குறை. பாட்டு என்றால் சுயஏமாற்று என்பது முதல் ஒரு மணி நேரத்திலேயே புரிந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் அதே கருத்து பல பாட்டுகளில் திரும்ப வருவதால், சலித்துப் போனவர்களைக் குறை சொல்ல முடியாது. நோக்கம் உயர்ந்தது என்பதற்காக மெட்டு மனத்தில் நின்றுவிடாது.

ஆனால் ‘பாட்டு ஒட்டவில்லை’ என்ற குற்றச்சாட்டு மட்டும் சரியாக விழவில்லை. ஒட்டாமல் இருக்க வேண்டும் என்றுதான் அது அப்படி வைக்கப்பட்டிருக்கிறது. புன்னகையும் வார்த்தையும் பொருந்தாத ஓர் ஆளைப் பார்க்கும்போது நமக்கு வரும் சங்கடம்தான் அந்தப் பாட்டுகளிலும் வருகிறது.

தோட்டப் பின்னணியிலிருந்து வந்த ரசிகர்கள் இந்தப் படத்தில் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது அப்பாவின் புத்தகம். தோட்டங்களைப் பற்றி நெடுங்காலம் எழுதியவர்கள் யார்? பெரும்பாலும் நிர்வகித்தவர்கள். காட்டை அழித்துச் சாலை போட்டோம், லயம் கட்டினோம், மருத்துவமனை வைத்தோம் என்று அந்தப் பக்கங்கள் சொல்லும். காட்டை வெட்டியவர், பால் எடுத்தவர், மருந்து அடித்தவர் அதில் எண்ணிக்கையாக வருவார். படத்தில் அந்தப் புத்தகத்தை எழுத உதவும் மகனுக்கு, வெளியிலிருந்து வந்த பெண்ணைச் சந்திக்கும் வரை சந்தேகமே இல்லை. அவனுக்கு வேறு கதை சொல்ல ஆள் இருக்கவில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் தோட்டத்துக் கதைகளைப் பிள்ளைகள் கேட்டு எழுதி வைப்பது ஏன் அவசியம் என்பதை அந்த மகனைப் பார்த்தால் புரிந்துகொள்ளலாம்.

படத்தைப் பார்க்க முடிவு செய்பவர்களுக்கு ஒரு சிறு ஆலோசனை. நல்ல பாட்டு வருமா என்று காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு பாட்டும் தொடங்குவதற்குச் சற்று முன் யார் என்ன கேட்டார்கள், எந்தப் பேச்சு பாதியில் நின்றது என்பதைக் கவனியுங்கள். பாட்டு முடிந்ததும் அந்தக் கேள்விக்குப் பதில் வந்ததா என்று பாருங்கள். நேரம் குறைவாக இருப்பவர்கள் ‘தி ஆக்ட் ஆஃப் கில்லிங்’ படத்தை முதலில் பார்ப்பது நல்லது. மனத்தைக் கலங்க வைக்கும் படம். சிறு பிள்ளைகளுடன் அமர்ந்து பார்க்க ஏற்றதில்லை. அதைப் பார்த்தவர்களுக்கு, சுரங்கத்தில் ஒரு குடும்பம் ஏன் பாடுகிறது என்று தனியே சொல்ல வேண்டியிருக்காது.